ஏரியைச் சுத்தி நடக்கலாம், ஏரியைத் தாண்டிப் போக முடியாது

கேள்வி | 2025 ஜூன் 3

இன்னைக்கு உலக சைக்கிள் தினமாம். காலைல இருந்து வாட்ஸப் முழுக்க ஹெல்மெட் போட்ட படம். நேர்மையா சொல்லுங்க, நம்ம வெயிலுக்கு இது ஒத்து வருமா? நெதர்லாந்துக்காரன் குளிர்ல ஓட்டறான். இங்கே ஆபீஸ் போய்ச் சேர்றதுக்குள்ள சட்டையைப் பிழியணும். நடை, சைக்கிள் எல்லாம் உடம்புக்கு நல்லதுதான். காலைல பூங்காவுல வெச்சுக்கலாம். போக்குவரத்துன்னு சொல்லி ரோட்டை மறிக்காதீங்க.

ஜூன் 3, இரவு

ஒத்து வருமான்னு கேட்டா எப்படி சார்? ஏற்கனவே போய்க்கிட்டுத்தானே இருக்காங்க. உங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற அக்கா எதுல வர்றாங்க? அபார்ட்மென்ட் வாட்ச்மேன்? பேப்பர் போடற பையன்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல விவசாயம், வீட்டுத்தொழில் தவிர மத்த வேலைக்குப் போறவங்ககிட்ட "எதுல போறீங்க"ன்னு கேட்டாங்க. நாடு முழுக்க நடந்து போறவங்க 22 சதவீதத்துக்கு மேல. சைக்கிள் 13 சதவீதம். மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டரும் சேர்ந்து அதைவிடக் கொஞ்சம் கம்மி. கார் 3 சதவீதத்தைக்கூடத் தொடலை. பழைய கணக்குதான், இப்ப பைக் கூடியிருக்கும். ஆனா ரோட்டை யார் மறிக்கிறாங்கன்னு பார்த்தா அந்த 3 சதவீதம்தான்.

படத்துல ஹெல்மெட் போட்டு நிக்கிறவர் கார்ல சைக்கிளை ஏத்திக்கிட்டு ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) போயிருப்பார். அவரைப் பத்தி நான் பேசலை.

ஜூன் 4

வெயில் கேள்வியைத் தட்டிக் கழிக்கக்கூடாது. நியாயமான கேள்வி. கத்திரி முடிஞ்சும் அனல் அடங்கலை, நானே நேத்து மத்தியானம் பஸ்ஸுக்கு நிக்க முடியாம கடைக்குள்ள ஒதுங்கினேன்.

ஆனா ஸ்பெயின்ல செவில்னு ஒரு ஊர். கோடையில 40 டிகிரியைச் சர்வசாதாரணமா தாண்டும். 2006-க்கு முன்னால அங்கே சைக்கிள்ல போறவங்க நூத்துக்கு ஒருத்தர்கூட இல்லை. நாலு வருஷத்துக்குள்ள சுமார் 80 கி.மீ. தனிப்பாதை போட்டாங்க. இங்கே ஒரு கி.மீ., அங்கே ஒரு கி.மீ.ன்னு இல்லாம ஒண்ணோட ஒண்ணு சேர்ற மாதிரி. நூத்துக்கு ஆறு, ஏழு பேர்னு ஏறிடுச்சு. வெயில் குறையவே இல்லை, பாதைதான் வந்தது.

சிங்கப்பூர் நம்ம மாதிரியே புழுக்கம். அங்கே 2013-ல இருந்து 2018-க்குள்ள 200 கி.மீ. அளவுக்குக் கூரை போட்ட நடைபாதை கட்டினாங்க. எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்துல இருந்து 400 மீட்டர் சுற்றளவுல இருக்கிற பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி மாதிரி இடங்களுக்கு. அங்கே இருக்கிற என் மச்சான் குடையை ஆபீஸ்லயே வெச்சிருக்கார், வீட்டுக்குக் கொண்டு வர்றதே இல்லை.

இங்கே கூரை வேண்டாம், மரம் போதும். வர்தா புயல்ல (2016 டிசம்பர்) எங்க தெருவுல விழுந்த மரங்கள் இருந்த இடத்துல இப்ப சிமெண்ட் கல். புங்கை வெச்சிருந்தா இந்நேரம் நிழல் கொடுத்திருக்கும்.

ஜூன் 4, கொஞ்ச நேரம் கழிச்சு

சட்டைப் பிரச்சினை: கேரியர்ல இன்னொரு சட்டை.

ஜூன் 9

"நடைபாதை இருக்கே, அதுல போக வேண்டியதுதானே"ன்னு இன்னொரு நண்பர். வாங்க, எங்க வீட்டுல இருந்து ரயில் நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். ஊர்ப்பேர் வேண்டாம், சென்னையில இருந்து தெற்கே போற ஜிஎஸ்டி ரோட்டுக்குக் கிழக்கேன்னு வெச்சுக்குங்க. எந்த ஊருக்கும் பொருந்தும்.

தெருமுனையில நடைபாதை தொடங்குது. அது நடைபாதையே இல்லை, மழைநீர் வடிகாலோட மூடி. ஒவ்வொரு சிலாப்லயும் தூக்கறதுக்குன்னு விட்ட கம்பி வளையம் நீட்டிக்கிட்டு நிக்குது. செருப்பு நுனி மாட்டும். ரெண்டு சிலாப் சந்திக்கிற இடத்துல ஒண்ணு மேலே, ஒண்ணு கீழே. அடுத்து ஒரு வீட்டு கேட். கார் ஏற ஏதுவா அவர் சரிவு போட்டிருக்கார், அதனால நாம இறங்கி ஏறணும். அடுத்த வீட்டுலயும் அதே. அப்புறம் மின்வாரியப் பெட்டி, நட்ட நடுவுல, கதவு பாதி திறந்தபடி. அதைச் சுத்திப் போக ரோட்டுல இறங்கணும். ஏறினா இஸ்திரி வண்டி. அப்புறம் டிரான்ஸ்பார்மர், அதோட நடைபாதை முடிஞ்சுடும். அதுக்கப்புறம் ஆட்டோ ஸ்டாண்டு.

இந்திய சாலைப் பேரவை 2012-லயே வழிகாட்டி போட்டிருக்கு: தடையில்லாம நடக்க 1.8 மீட்டர் அகலம், உயரம் 150 மி.மீ.க்கு மேல கூடாது. கம்பம், பெட்டி, மரம் எல்லாத்துக்கும் ஓரத்துல தனிப் பட்டை. எங்க தெரு நடைபாதை முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் வருது. ஏன் இவ்வளவு உசரம்னு வேலை செய்யற மேஸ்திரியைக் கேட்டேன். "ரோடு போடப் போட மட்டம் ஏறும் சார், இப்பவே தூக்கி வெச்சாத்தான் நாளைக்குச் சரியா வரும்"னார். பழைய தாரைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும்னு 2021-ல தலைமைச் செயலரே எழுதினார். மேஸ்திரிக்கு அது வந்து சேரலை போல.

எங்கம்மா இந்த நடைபாதையில ஏறுறதே இல்லை. ரோட்டோரமாவே போவாங்க. ஹாரன் அடிக்கிறவங்களுக்கு அவங்க "ஒழுங்கில்லாத பாதசாரி".

ஜூன் 15

இந்த இழையில எனக்குச் சொல்ல இருக்கிற முக்கியமான விஷயம் இது.

எங்க பக்கத்துல ஒரு ஏரி. ஒரு கரையில நாங்க, எதிர்க்கரையில அரசு மேல்நிலைப் பள்ளி, ரேஷன் கடை, பஸ் நிறுத்தம். முன்னெல்லாம் கரைமேல ஒத்தையடிப் பாதை. பள்ளிக்கூடப் பிள்ளைங்க, மீன் கூடைக்காரம்மா, மாடு, எல்லாம் அதுலதான். மழைக்காலத்துல சேறு, மத்தபடி பத்து நிமிஷத்துல அந்தப் பக்கம்.

அப்புறம் ஏரியை அழகுபடுத்தினாங்க. குறை சொல்லலை, உண்மையிலேயே நல்லா இருக்கு. தூர் வாரினாங்க, சாக்கடை வர்றதைத் தடுத்தாங்க, நாரை வருது. கரைமேல பேவர் பிளாக், கைப்பிடி வேலி, மின்விளக்கு, கல் பெஞ்சு, "8" போட்டு நடக்கிற தளம். சுத்தியும் கம்பிவேலி. கேட் ஒண்ணே ஒண்ணு, எங்க பக்கம். காலை 5 முதல் 9, மாலை 4 முதல் 8. சைக்கிள் அனுமதி இல்லை.

அதாவது இப்ப ஏரியை எத்தனை தடவை வேணும்னாலும் சுத்தலாம். எதிர்க்கரையில இறங்க முடியாது. பிள்ளைங்க மெயின் ரோட்டைச் சுத்திக்கிட்டுப் போறாங்க, தண்ணி லாரியும் பஸ்ஸும் போற ரோடு. கேட்டுக்கு வெளியே காலைல ஆறு மணிக்கு கார்கள் வரிசை. நடக்கிறதுக்குக் கார்ல வர்றாங்க. நானும் மழை நாள்ல ஸ்கூட்டர்ல போயிருக்கேன், அதனால ரொம்ப நக்கல் பண்ணலை.

ஒரு பெரிய தப்பு யாரும் செய்யலை. வரைபடம் போட்டவர் மனசுல நடக்கிறவர்னா காலைல சர்க்கரைக்கும் தொப்பைக்கும் நடக்கிறவர், ரேஷன் பையோட போறவர் இல்லை. நடைபயிற்சிக்கு வட்டம் போதும். போக்குவரத்துக்கு ரெண்டு முனை வேணும், ரெண்டு முனையிலயும் வாசல் வேணும்.

ஊரு முழுக்க பாருங்க. பூங்காவுக்கு ஒரு வாசல். குடியிருப்புக்குப் பின்கதவு பூட்டு. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால இருக்கிற சந்துல சுவர். நேர்கோட்டுல 300 மீட்டர், நடந்தா ஒன்றரை கி.மீ. அப்புறம் "ஜனங்க நடக்கவே மாட்டேங்கறாங்க, விழிப்புணர்வு இல்லை"ன்னு பேரணி நடத்தறோம்.

பேரணி முடிஞ்சதும் ஆளுக்கு ஒரு டி-ஷர்ட்.

ஜூன் 16

காலை நடை சங்கத்துல இருக்கிற பெரியவர் ஒருத்தர் எழுதியிருக்கார்: "தம்பி, சைக்கிளை விட்டா அடுத்த வாரமே பைக் வரும். கேட் வெச்சதே அதனாலதான். எனக்கு எழுபத்தி ரெண்டு வயசு, விழுந்தா இடுப்பு போச்சு."

ஐயா, நீங்க சொல்றதை நான் யோசிக்காம இல்லை. பைக் வரும்கிறது நூத்துக்கு நூறு உண்மை. சிங்கப்பூர்லயே நடைபாதையில மின் ஸ்கூட்டர் ஓடவிட்டு, ஆளுங்களை இடிச்சு, கடைசியில 2019 நவம்பர்ல தடை போட்டாங்க. குறுகலான கரையில சைக்கிளையும் முதியவரையும் ஒண்ணா விடக்கூடாதுன்னு உங்களோட நானும் ஒத்துக்கறேன். கரை எங்கே அகலமோ அங்கே மட்டும் கோடு பிரிச்சு விடலாம், மத்த இடத்துல இறங்கித் தள்ளிக்கிட்டுப் போகட்டும். ஆனா எதிர்க்கரையில ஒரு சின்ன வாசல், ஆள் நுழையற மாதிரி வளைஞ்ச கம்பி வெச்சது, ரயில்வே கேட் பக்கத்துல பழைய காலத்துல இருக்குமே, அது? பைக் நுழையாது. பிள்ளைங்க நுழையும். அதுக்கு என்ன மறுப்பு?

(சக்கர நாற்காலியும் நுழையாதுன்னு இப்பத்தான் ஒருத்தர் கீழே சொல்றார். சரிதான். அதுக்கு அகலமான ஒரு தனிக்கதவும் ஆளும் வேணும். வாட்ச்மேன் ஏற்கனவே இருக்கார்.)

ஜூன் 22

ஜூன் 9-ல இஸ்திரி வண்டியைத் தடைகள் பட்டியல்ல சேர்த்துட்டேன்னு ரெண்டு பேருக்குக் கோபம். இதை வேற பக்கத்துல இருந்தும் பார்க்கணும்.

ராத்திரி ஒன்பதரைக்கு மேல ரயில்ல இறங்கி வர்றப்ப என் மனைவி நடக்கிற வழியைக் கவனிச்சேன். குறுக்குத் தெரு கிட்ட, ஆனா அவங்க சுத்திக்கிட்டு பரோட்டா கடை, பூக்கடை, ஜூஸ் கடை இருக்கிற பக்கமாத்தான் வர்றாங்க. விளக்கு இருக்கு, ஆள் இருக்கு. பூக்காரம்மாவுக்கு இவங்களைத் தெரியும், "இன்னைக்கு லேட்டா"ன்னு கேப்பாங்க. அந்தக் கடைங்களை ஒரு நாள் எடுத்துட்டா நடைபாதை காலியா, அகலமா, இருட்டா இருக்கும். அதுல யார் நடப்பா?

போன மாசம் (2025 மே) உச்ச நீதிமன்றம் நடைபாதை கிடைக்கிறது அரசியல் சட்டத்தோட 21-ஆவது பிரிவுல வர்ற வாழ்வுரிமையில அடங்கும்னு சொல்லிச்சு. எல்லாரும் கைதட்டினோம். 1985-ல பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்குல பிழைப்புக்கான உரிமையும் அதே 21-ஆவது பிரிவுலதான் அடங்கும்னு இதே நீதிமன்றம் சொல்லியிருக்கு. 2014-ல தெருவியாபாரிகள் சட்டமும் வந்தாச்சு, நகர விற்பனைக் குழு வெச்சு இடம் ஒதுக்கணும்னு. ஆக கடைக்கும் இடம், காலுக்கும் இடம். 1.8 மீட்டர் தள்ளி ஓரமா வண்டி நின்னா யாருக்கு என்ன?

அந்த மின்வாரியப் பெட்டிக்கு மட்டும் எந்தப் பிரிவுலயும் வாழ்வுரிமை இல்லை. அதை நகர்த்துங்க.

ஜூன் 23

நடை மேம்பாலம் கட்டலாமேன்னு யோசனை சொன்னவருக்கு: ரோட்டைக் கடக்கிறவர் மூணு மாடி ஏறி இறங்கணும், கார்ல உட்கார்ந்திருக்கிறவர் காலை ஆட்டாமப் போகணும். நல்லா இருக்கு நியாயம். லிப்ட் இருக்காம். எங்க பக்கத்து லிப்ட் கதவுல "பராமரிப்புப் பணி" அட்டை பழுப்பேறிப் போச்சு.

ஜூலை 2

"சைக்கிள் ஏழைங்க வண்டி, முன்னேறினா யாரும் ஓட்ட மாட்டாங்க"ன்னு ஒரு வாதம் ஓடுது. முன்னேறினதே சைக்கிளாலன்னு ஒரு ஊர் இருக்கு, பக்கத்துலயே.

1991 வாக்குல புதுக்கோட்டையில அறிவொளி இயக்கம். அப்ப கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துக் கத்துக்க வந்த பெண்களுக்கு சைக்கிளும் கத்துக் கொடுத்தாங்க. கல்குவாரியில வேலை செய்யறவங்க, விவசாயக் கூலிங்க, கிராமத்துச் செவிலியர்கள், அங்கன்வாடிக்காரங்க. சைக்கிள் வாங்கக் கடனும் ஏற்பாடு பண்ணினாங்க. மாவட்டத்துல லேடீஸ் சைக்கிள் கிடைக்காம ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினாங்க. சிலருக்கு அதுதான் பிடிச்சிருந்தது, முன்னால இருக்கிற பாருல குழந்தையை உட்கார வைக்கலாம்னு. பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், அண்ணனோ புருஷனோ கூட்டிட்டுப் போகணும்னு இல்லை. தண்ணிக்குடம், விறகு, சந்தைக்குக் காய் எல்லாம் கேரியர்ல.

எங்க பெரியம்மா அந்தப் பக்கம்தான். குரங்குப் பெடல் போட்டு ஓட்டினதை இப்பவும் சொல்லிச் சிரிப்பாங்க. ஊர்ல பேசினாங்களாம், "எம்ஜிஆர் படமா"ன்னு. அவங்க கண்டுக்கலை.

தமிழ்நாட்டுல 2001-ல ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்குத் தொடங்கின இலவச சைக்கிள் திட்டம் பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளியில 11-ஆம் வகுப்பு எல்லாருக்கும்னு ஆச்சு. பீகார்ல 2006-ல 9-ஆம் வகுப்பு பெண் பிள்ளைங்களுக்குக் கொடுத்தாங்க. அதை ஆராய்ஞ்ச கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ரெண்டு பேரும் உயர்நிலைப் பள்ளியில (9, 10-ஆம் வகுப்பு) சேர்ற பெண்கள் எண்ணிக்கை 32 சதவீதம் கூடினதா, ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைஞ்சதா எழுதியிருக்காங்க. பள்ளிக்கூடம் 3 கி.மீ.க்கு மேல இருக்கிற ஊர்கள்லதான் பலன் அதிகம்.

இப்ப எங்க ஏரியாவுக்கு வாங்க. பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு அரசு சைக்கிள் வந்திருக்கு. மாடிப்படிக்குக் கீழே நிக்குது, துணி காயப்போடத்தான் உதவுது. "மெயின் ரோட்டுல விட பயமா இருக்குங்க"ன்னு அவங்க அப்பா சொல்றார். அவரே அதை ஓட்டிக்கிட்டு வேலைக்குப் போறார் சில நாள். சைக்கிள் கொடுக்க அரசாங்கத்தால முடியுது, அதை ஓட்ட 900 மீட்டர் ஏரிக்கரையைத் திறந்துவிட முடியலை.

ஜூலை 5

யாழ்ப்பாணத்துக்காரர் ஒருத்தர் எழுதியிருக்கிறதை எல்லாரும் படிங்க. தொண்ணூறுகள்ல பொருளாதாரத் தடை இருந்த காலத்துல பெட்ரோல் இல்லாம ஊரே சைக்கிள்ல ஓடினது, பேராசிரியர்ல இருந்து நோயாளி வரைக்கும். "விரும்பி ஓடேல்லை, ஆனா ஓடலாம் எண்டு தெரிஞ்சுது" என்கிறார். யுத்தத்தை வெச்சு சைக்கிளுக்கு விளம்பரம் பண்ணக்கூடாதுன்னும் சேர்த்துச் சொல்லியிருக்கார். சரியான பேச்சு.

எந்த சைக்கிள் வாங்கலாம்னு கேட்டவருக்கு: கியர் வேண்டாம், நம்ம ஊர்ல ஏத்தம் எங்கே இருக்கு? மேம்பாலத்தைத் தவிர. கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டு, செயின்கவர் நாலும் இருக்கணும். இப்ப கடையில பளபளன்னு தொங்கறதுல இந்த நாலும் இருக்காது. மட்கார்டு இல்லாம ஐப்பசி மழையில ஒரு தடவை போய்ப் பாருங்க, இடுப்புல இருந்து பின்கழுத்து வரைக்கும் சேறு நேர்கோடா ஏறியிருக்கும். செயின்கவர் இல்லேன்னா வேட்டி, புடவை, துப்பட்டா எல்லாம் போச்சு. விளையாட்டுக்குச் செஞ்ச சாமானைப் போக்குவரத்துக்கு விக்கறாங்க.

ரயில் நிலைய ஸ்டாண்டுல சைக்கிளை எங்கே வைப்பாங்கன்னு தெரியும்ல? கடைசி மூலை, சொட்டற குழாய்க்குக் கீழே.

ஜூலை 13

நெதர்லாந்தைச் சொல்லித்தான் இந்த இழையே ஆரம்பிச்சது, அதனால ஒரு வரி. அவங்க பிறவியிலயே அப்படி இல்லை. அம்பது அறுபதுகள்ல அவங்களும் தெருவை காருக்குக் கொடுத்துட்டாங்க. 1971-ல மட்டும் ரோட்டுல செத்தவங்க 3,000-க்கு மேல, அதுல 400-க்கு மேல குழந்தைங்க. "குழந்தைக் கொலையை நிறுத்து"ன்னு பெத்தவங்க ரோட்டுல உட்கார்ந்தாங்க. 1973-ல எண்ணெய் நெருக்கடி வந்து ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டத் தடை. அப்புறம் பல வருஷம் தெருத்தெருவா சண்டை போட்டுத்தான் பாதை வந்தது.

நம்மகிட்டயும் காகிதம் இல்லாம இல்லை. 2014-லயே சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்குன்னு கொள்கை போட்டுச்சு, இந்தியாவுல முதல்ல போட்டது அதுதான். போக்குவரத்துக்கு ஒதுக்கற பணத்துல 60 சதவீதம் நடைக்கும் சைக்கிளுக்கும். 2018-க்குள்ள 80 சதவீத தெருவுல நடைபாதை. நடந்து போறவர், சைக்கிள்ல போறவர் ஒருத்தர்கூட விபத்துல சாகக்கூடாது. 2018 எப்பவோ போயாச்சு.

சென்னை தி.நகர் பாண்டி பஜாரை 2019-ல அகலமான நடைபாதைத் தெருவா மாத்தினதும் போய்ப் பார்த்தேன். அகலம், பெஞ்சு, பிள்ளைங்க ஓடுது. அருமை. ஆனா அங்கேயும் பாருங்க, கடைவீதி. பை வாங்கப் போற இடம். ஒரு தெரு அழகானது சந்தோஷம், எனக்கு அந்தப் பணத்துல நூறு தெருவுல கம்பி வளையத்தை வெட்டி, சிலாபைச் சமமாக்கி, கேட் சரிவை ஒழுங்குபடுத்தியிருக்கலாமேன்னு இருக்கு. திறப்பு விழா வைக்க முடியாது, ஒத்துக்கறேன். ரிப்பன் கட்ட நூறு இடம் தேவைப்படும்.

இன்னொரு நினைப்பும் வருது: பாண்டி பஜார் இல்லேன்னா "இப்படியும் ஒரு நடைபாதை இருக்க முடியும்"னு எங்க தெருக்காரங்களுக்குக் காட்ட என்கிட்ட என்ன இருக்கு? வார்டு கூட்டத்துல அந்தப் படத்தைத்தான் காட்டினேன்.

ஜூலை 20

அடுத்த ஏரியா சபைக் கூட்டத்துக்கு மனு எழுதியாச்சு. பெரியவரும் கையெழுத்துப் போட ஒத்துக்கிட்டார், ஒரு நிபந்தனையோட: காலை 5 முதல் 7 வரைக்கும் சைக்கிள் வரக்கூடாது. பள்ளிக்கூடம் அதுக்கப்புறம்தானே, சரின்னுட்டோம்.

வாசகம் இப்படி இருக்கு: ஏரியின் எதிர்க்கரையில் பள்ளிக்கு எதிரே ஒரு நுழைவாயில் அமைத்துத் தர வேண்டும். அது காலை 5 முதல் இரவு 9 வரை இடைவெளியின்றித் திறந்திருக்க வேண்டும். அகலமான வடகரையில் பள்ளி நேரத்தில் சைக்கிள்களை அனுமதிக்க வேண்டும். பள்ளிக்கு முன் மெயின் ரோட்டில் நடைபாதை மட்டத்திலேயே உயர்த்திய கடவை அமைத்து, அந்த இடத்தில் வேகத்தை 30 கி.மீ. ஆகக் குறைக்க வேண்டும். இரு கரையிலும் புங்கன் கன்று நட வேண்டும். தண்ணீர் ஊற்றும் பொறுப்பைத் தெருக்காரர்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

கடைசி வரியை எங்க தெருவுல யாரும் இன்னும் படிக்கலை. படிச்சதும் பாதி கையெழுத்து போகும்னு நினைக்கிறேன். சர்வே எண்ணும் கரையோட அகலமும் யார்கிட்டயாவது இருந்தா போடுங்க, எங்ககிட்ட இருக்கிறது டேப் வெச்சு அளந்தது.